புதுசா வந்த பாட்டு

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். போக ஏறக்குறைய ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் என் காது எனக்கே எனக்கு. போன டிசம்பரில் ஒருநாள் காலை கிருமாம்பாக்கம் தாண்டும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆபீஸ் தம்பி என் கைப்பேசியை எட்டிப் பார்த்தார். அவருக்கு முப்பது வயதிருக்கும். "சார், நீங்களா இதெல்லாம் கேக்குறீங்க?" என்று சிரித்தார்.

அந்த வாரம்தான் வந்திருந்த ஒரு சினிமாப் பாட்டு அது. ஆபாசம் கிடையாது, ஒன்றும் கிடையாது. அவர் சிரிப்பிலும் விஷம் இல்லை. நான் சொன்ன பதில்தான் அன்று முழுக்க என்னை உறுத்தியது. "பையன் ஏத்தி வெச்சிருக்கான் தம்பி, தானா ஓடுது" என்றேன். 54 வயதில், ஒரு டூயட் பாட்டுக்காக ஒரு பொய்.

அதே வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. வருஷக் கடைசியில் நாம் என்னென்ன பாட்டு கேட்டோம் என்று ஸ்பாட்டிஃபை ஒரு கணக்கு கொடுக்கும் அல்லவா? 2025-இல் அதில் புதிதாக 'கேட்கும் வயது' என்று ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். நம் வயதுக்காரர்களோடு ஒப்பிட்டு, எந்தக் காலத்துப் பாட்டை நாம் அவர்களைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறோம் என்று பார்க்கிறார்கள். அந்தப் பாட்டெல்லாம் வந்தபோது 16 முதல் 21 வயதுக்குள் இருந்த ஒருவருக்கு இன்று என்ன வயதாகியிருக்குமோ, அதுதான் நம் 'கேட்கும் வயது'. வேடிக்கைக்குச் செய்தது. என் மகனுக்கு 23 வயது. அவனுக்கு 67 என்று வந்தது. எனக்கு 22.

இரண்டையும் அவன் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். அவனுக்கு வந்த பதில்கள்: "இந்த வயசுல என்னா ரசனை!", "தாத்தாவோட பேரன்னா சும்மாவா?" எனக்கு வந்தவை: கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒன்பது. "மாமா ஃபுல் ஃபார்ம்ல இருக்காரு." "அண்ணி, இந்த வயசுல அண்ணன கொஞ்சம் கவனிங்க."

அதே 'இந்த வயசுல'தான். அவனுக்குப் பாராட்டு, எனக்கு எச்சரிக்கை. ஒருத்தி 'பூமர் அங்கிள்' என்று எழுதி ஒரு கேக் படமும் போட்டிருந்தாள். கணக்குப்படி பூமர் என்பது 1946-க்கும் 1964-க்கும் இடையில் பிறந்தவர்கள், நான் 1971. இதை அங்கே எழுதினால் இன்னும் ஒன்பது மஞ்சள் முகம் வரும் என்று விட்டுவிட்டேன்.

பையன் பழைய பாட்டு கேட்டால் அவனுக்கு ரசனை இருக்கிறது என்கிறார்கள். அப்பன் புதுப்பாட்டு கேட்டால் அவனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்கிறார்கள். இதில் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. இந்த வேலையை அவர்களுக்கெல்லாம் முன்னால் செய்தவன் நான். என் அப்பாவுக்குச் செய்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் மைக்செட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா திருப்பாப்புலியூரில் மைக்செட் வைத்திருந்தார். (வெளியூர்க்காரர்களுக்கு: திருப்பாதிரிப்புலியூர். எங்கள் வாயில் அந்தப் பெயர் முழுசாக வந்ததில்லை.) 1960-களின் கடைசியில் ஆரம்பித்து 2003 வரை நடத்தினார். நாலு குழாய் ஸ்பீக்கர், இரண்டு ஆம்ப்ளிஃபயர், ஒரு ரெக்கார்டு பிளேயர், இசைத்தட்டு அடுக்கிய இரண்டு தகரப் பெட்டி, டியூப் லைட்டுகள், சீரியல் செட்டுகள். நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்கள்தான் அவருடைய வட்டம். பள்ளி லீவில் நானும் கூடப் போவேன். தட்டைத் துடைப்பது, ஊசி தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பது, அடுத்த தட்டை எடுத்து நீட்டுவது என் வேலை. குழாய் கட்ட மரம் ஏறுகிற வேலை மட்டும் எனக்குக் கிடைக்கவே இல்லை.

மைக்செட்காரரிடம் போய் 'உங்களுக்கு என்ன பாட்டு பிடிக்கும்' என்று யாரும் கேட்க மாட்டார்கள். என்ன விசேஷம், மணி என்ன, இரண்டும் தெரிந்தால் பாட்டும் தெரிந்துவிடும். விடியற்காலையில் சாமி பாட்டு. ஆடி மாதமானால் அம்மன் பாட்டு. பெண் அழைப்புக்கு இரண்டு மூன்று, தாலி கட்டி முடிந்ததும் கட்டாயம் ஒன்று, மஞ்சள் நீராட்டுக்கு ஒரு பத்து. சாவு வீட்டுக்கு என்று தனியாக ஒரு சின்ன அடுக்கு. அந்தத் தட்டுகளை மற்ற தட்டுகளோடு சேர்த்து வைக்க அம்மா விடமாட்டார். பந்தி நேரத்துக்குப் புதுப்பாட்டு. "புதுப்பாட்டு ஓடுனாத்தான்டா பந்தி சீக்கிரம் எழுந்திரிக்கும்" என்பார் அப்பா. சாப்பிடுகிறவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்களா என்று தெரியாது. சாம்பார் வாளி தூக்குகிற பையன்கள் வேகமாக நடந்தார்கள், அதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த அட்டவணைக்குள் வயதும் ஒளிந்திருந்தது. அறுபதாம் கல்யாணம் என்றால் சாமி பாட்டும், ரொம்பப் பழைய பாட்டும்தான். அறுபது வயது மாப்பிள்ளை மறுபடியும் தாலி கட்டுகிறார், அதற்கு ஒரு காதல் பாட்டு போட்டால் என்ன? போட்டால் பந்தலே சிரிக்கும். மூத்த மகன் ஓடிவந்து, "அண்ணே, மாத்துங்க, மாத்துங்க" என்பார். கல்யாணமும் தாலியும் செல்லும், பாட்டு மட்டும் செல்லாது.

1986 அல்லது 87. பண்ருட்டிப் பக்கம் ஒரு காதுகுத்து. குழந்தையின் கொள்ளுப்பாட்டி, எண்பதைத் தொடுகிற வயது, கம்பை ஊன்றிக்கொண்டு மைக்செட் மேசைக்கே வந்துவிட்டார். அப்போது ரேடியோவில் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒரு பாட்டின் முதல் வரியைத் தப்பும் தவறுமாகச் சொல்லி, "அது கீதாப்பா?" என்றார். பின்னாலேயே வந்த பேரன், "ஆயாவுக்கு வந்த ஆசையப் பாரு! முருகன் பாட்டு எதுனா போடுங்கண்ணே" என்று சொல்லிக் கையைப் பிடித்து அழைத்துப்போய்விட்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பேரன் பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளிக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அந்தப் பாட்டைப் போட்டார். முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடியும் அதே இடத்தில் வைத்தார். அப்புறம் மறுபடியும். ஆயா பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஆடவில்லை, சிரிக்கவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அப்பா புதுப்பாட்டைப் பிடித்தது இலங்கை வானொலியில். அதற்கும் ஒரு கதை உண்டு. 1952-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் ஆகாது; தரமில்லை என்று அகில இந்திய வானொலியில் அதற்கு வழியை அடைத்தார். ஜனங்கள் காதை இலங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். 1957-இல் விவித் பாரதி வந்த பிறகும் திருப்பிய காது திரும்பவில்லை, குறைந்தபட்சம் எங்கள் வீட்டில். கேஸ்கர் வந்தபோது அப்பாவுக்குப் பத்து வயது. அவர் டீக்கடை வாசலில் நின்று கேட்ட அந்தப் பாட்டுகளைத் தாத்தா "கூத்தாடிப் பாட்டு" என்று திட்டுவாராம். இன்று டிவியில் 'காலத்தால் அழியாத' என்று தலைப்புப் போட்டு ஓட்டுவது அந்தக் கூத்தாடிப் பாட்டுகளைத்தான்.

1976-இல் இளையராஜா வந்தபோது அப்பாவுக்கு 34. 1992-இல் ரஹ்மான் வந்தபோது 50. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கேட்டே ஆக வேண்டும், சோறு அதில் இருந்தது. ரஹ்மானின் முதல் படப் பாட்டுகளைக் கேசட்டில் போட்டுக் குழாயில் கேட்டுவிட்டு அப்பா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "இது குழாய்க்கு ஆவாது. அடிச் சத்தம் பூரா முழுங்கிடுது. பாக்ஸ் வாங்கணும்." நல்லா இருக்கிறது, இல்லை என்ற பேச்சே இல்லை. குழாய் ஸ்பீக்கர் பேச்சையும் நாதஸ்வரத்தையும் ஊர் எல்லை வரை கொண்டுபோகும். கீழ் ஸ்தாயி அதில் வராது. அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பெரிய பாக்ஸ் இரண்டு வாங்கினார். ஐம்பது வயதில் ஒரு மனிதர் புது இசைக்காக நகை அடகு வைத்திருக்கிறார். அதை நான் தொழில் செலவாகத்தான் பார்த்தேன்.

2003-இல் கடையை மூடினார். ஆட்கள் டிஜே கேட்க ஆரம்பித்திருந்தார்கள். தட்டுகளைப் புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு பழம்பொருள் வியாபாரி கிட்டத்தட்ட எடைக்கு வாங்கிப்போனார். அதில் சில இப்போது ஏதாவது ஒரு காபிக் கடைச் சுவரில் அலங்காரமாக மாட்டியிருக்கலாம்.

ரசனைக்கு வயது உண்டா என்று ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். 1989-இல் மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 16 முதல் 86 வயது வரையான 108 பேரை உட்காரவைத்து, வெவ்வேறு காலத்தில் பிரபலமாக இருந்த 28 பாட்டுகளின் துண்டுகளைப் போட்டுக் காட்டி மார்க் போடச் சொன்னார்கள். தங்களுக்கு இருபத்து மூன்றரை வயது இருந்த சமயத்தில் வந்த பாட்டுகளுக்குத்தான் ஆட்கள் அதிக மார்க் போட்டார்கள். நினைவைப் பற்றிய ஆய்வுகளும் இதோடு ஒத்துப்போகின்றன. வயதானவர்களிடம் பழைய கதை சொல்லச் சொன்னால், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் நடந்ததுதான் அதிகம் வருமாம். முதல் சைக்கிள், முதல் சம்பளம், பதில் வராமல் போன முதல் கடிதம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அப்போது பின்னணியில் ஓடிய பாட்டு அதிலேயே ஒட்டிக்கொள்கிறது.

எனக்கு இருபத்து மூன்றரை என்றால் 1995. உண்மைதான், அந்த வருஷத்துப் பாட்டு ஒன்று ரெட்டிச்சாவடியில் பஸ் ஏறும் யாராவது ஒருவரின் ரிங்டோனாக ஒலித்தால் எனக்கு வயிற்றில் என்னவோ செய்யும். ஆனால் இது ஒரு சராசரி. கடலூர்க்காரனிடம் வந்து சராசரி மழை அளவைச் சொல்லிப் பாருங்கள், 2015 தெரியுமா என்று திருப்பிக் கேட்பான்.

அப்புறம் என் மகனை எதில் சேர்ப்பது? 2013-இல் கரோல் கிரம்ஹான்சல் என்ற உளவியல் பேராசிரியர் இன்னொருவரோடு சேர்ந்து இருபது வயதுக்காரர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார். அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் காலத்துப் பாட்டு மட்டுமில்லாமல், தங்கள் அப்பா அம்மா இளவட்டமாக இருந்த காலத்துப் பாட்டும், அதற்கும் முந்தைய 1960-களின் பாட்டும் நெருக்கமாக இருந்தன. வீட்டில் ஓடியதைக் கேட்டு வளர்ந்ததுதான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். இதற்கு எனக்கு ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மகன் வளர்ந்தது அம்மாவின் அடுப்படி ரேடியோவுக்குப் பக்கத்தில். கடலூர்–புதுச்சேரி பஸ்களில் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும். டிரைவருக்கு இருபத்தெட்டு வயதுதான் இருக்கும். அவர் போடுவதோ அவர் பிறப்பதற்குப் பத்து வருஷம் முந்தைய பாட்டு. அவரைப் பார்த்து யாரும் 'இந்த வயசுல' என்று சொல்வதில்லை. தவளக்குப்பம் வரை எல்லோரும் சேர்ந்து முணுமுணுக்கிறார்கள்.

2015-இல் இன்னொரு கணக்கு வந்தது. பாட்டுச் செயலிகளின் தகவலை வைத்து, 33 வயதுவாக்கில் பெரும்பாலானவர்கள் புதுப்பாட்டைத் தேடுவதை நிறுத்திவிடுகிறார்கள் என்றார்கள். எனக்கு 33 வயது நடந்தது 2004-இல். மகனுக்கு இரண்டு வயது, வீட்டுக் கடன் புதுசு, அந்த டிசம்பரில் தேவனாம்பட்டினத்தில் கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் என்ன பாட்டு வந்தது என்று கேட்டால் எனக்குச் சிமெண்ட் விளம்பரப் பாட்டுதான் தெரியும். என் ரசனை உறைந்துபோகவில்லை. நேரம் இல்லை. அதை நானே 'நமக்கெல்லாம் வயசாச்சு, நம்ம காலத்துப் பாட்டு போதும்' என்று கௌரவமாகச் சொல்லிக்கொண்டேன். மகன் கானா கேட்டபோது "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்றும் கேட்டேன். தாத்தாவின் வசனம், அச்சுப் பிசகாமல்.

பிறகு 47 வயதில் எதிர்பாராமல் மறுபடியும் ஆரம்பித்தது. புதுச்சேரியில் வேலை கிடைத்து பஸ் பயணம் தொடங்கிய வருஷம் அது, 2018. கையில் கைப்பேசி, ஒரு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். யூடியூப் என்ன காரணமோ எனக்குப் புதுப்பாட்டாகக் கொண்டுவந்து கொட்டியது. "நான் கேட்டது எண்பதுகள் பாட்டு, இது எதுக்குடா இதையெல்லாம் தருது?" என்று மகனிடம் சலித்துக்கொண்டேன். அவனுக்கும் தெரியவில்லை. சரி, தந்ததைக் கேட்போம் என்று கேட்டேன். முதலில் எரிச்சலாக இருந்தது. ஒரு மாதத்தில் சில குரல்கள் பிடித்துப்போயின. ஆறு மாதத்தில் வெள்ளிக்கிழமை என்ன வருகிறது என்று பார்க்கிற ஆளாகிவிட்டேன்.

பெண்களுக்கு இது இன்னும் கெடுபிடி. என் பெரியம்மா முப்பத்தெட்டு வயதில் கணவரை இழந்தவர். அதற்குப் பிறகு அவர் முன்கட்டில் உட்கார்ந்து சினிமாப் பாட்டு கேட்டு நான் பார்த்ததில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருக்கும். சத்தம் அடுப்படியைத் தாண்டாது. யாராவது வந்தால் அது மட்டும் நிற்கும், அவர் கை வேலை நிற்காது. அவருக்கு எழுபது வயதானபோது வீட்டில் எல்லோரும் சேர்ந்து பக்திப் பாட்டு சிடி வாங்கிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டார். அதைக் கேட்டாரா என்று நாங்கள் யாரும் விசாரிக்கவில்லை.

1969-இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இந்த மாதிரி நடப்புக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'வயதுப் பாகுபாடு' என்கிறோம். உலகில் இரண்டு பேரில் ஒருவரிடம் இந்தப் பாகுபாடு இருக்கிறது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கை சொன்னது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் விகிதம் அதைவிடக் கூடுதல்.

இதில் ஒரு வேடிக்கை, பாடுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை. எங்கள் ஊர்க் கதையே அதுதான். கல்லில் கட்டிக் கடலில் போட்ட திருநாவுக்கரசர் பாடிக்கொண்டே கரையேறிய இடம் என்று வண்டிப்பாளையத்துக்குப் பக்கத்தில் கரையேறவிட்ட குப்பத்தைக் காட்டுவார்கள். அவரை 'அப்பர்' என்று முதலில் அழைத்தது சின்னப் பிள்ளையான சம்பந்தர். 81 வயது வரை பாடினார் என்பது மரபு. வயதை வைத்தே பெயர், அதிலேயே மரியாதை. 2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றியபோது அவருக்கும் 81. நாடே கைதட்டியது. எழுபதைத் தாண்டிய கதாநாயகர் திரையில் புதுப்பாட்டுக்கு ஆடினால் விசில் அடிக்கிறோம். விசில் அடித்துவிட்டு வெளியே வந்து, அதே பாட்டை முணுமுணுக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

இப்போது அப்பாவுக்கு வருகிறேன்.

2018 பொங்கல். அப்பாவுக்கு 75 முடிந்து 76 நடந்தது. பழைய பாட்டுகளை ஆயிரக்கணக்கில் ஏற்றி விற்கும் ரேடியோப் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். விலை அதிகம்தான். வாழ்நாள் முழுக்க மைக்செட் வைத்தவர், இதைவிடப் பொருத்தமான பரிசு என்ன இருக்க முடியும் என்று எனக்குப் பெருமை. அப்பா திருகித் திருகிப் பார்த்தார். நாலைந்து பாட்டு ஓடியது. அப்புறம் அணைத்துவிட்டு, "இதெல்லாம் நான் ஊசி வெச்சுத் தேய்ச்ச பாட்டுடா" என்றார். "புதுசா என்ன வந்துருக்குதுன்னு சொல்லு, அதக் கேக்குறன்."

நான் சிரித்தேன். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்? உங்களுக்குப் பிடிக்காது. பேசாம இதக் கேளுங்க."

உங்களுக்குப் பிடிக்காது என்று அவரிடமே சொன்னேன்.

அவர் விவாதம் செய்கிறவர் இல்லை. பெட்டி சாமி மாடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அம்மா காலையில் சுப்ரபாதம் போட்டுக்கொண்டார். என் பழைய கைப்பேசி ஒன்று சும்மா கிடந்தது. என் கணக்கையே போட்டு, 'மைக்கை அழுத்திட்டுப் பேசுங்க, வேணுங்கிறது வரும்' என்று காட்டி அதை அப்பாவிடம் கொடுத்தேன். மைக் என்றதும் முகம் மலர்ந்தது. முதல் தடவை "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று சொல்லிப் பார்த்தார், வழக்கம்போல.

அவ்வப்போது ஒரு குறை சொல்வார். "மெட்டு நல்லாத்தான்டா இருக்குது. பாடுறது இன்னான்னே புரியல. வாயில வெத்தலய அதக்கிக்கினு பாடுறானுவோ." நாங்கள் சிரிப்போம். பெரியவர்கள் சொல்கிற வழக்கமான புகார்தானே. அந்தக் காலத்துப் பாட்டில் வார்த்தை தெளிவு, இந்தக் காலத்துப் பாட்டில் வார்த்தையே இல்லை. மேடை ஏறுகிறவர்கள் எல்லோரும் சொல்வது.

வயதாகும்போது காது முதலில் இழப்பது உச்சமான ஒலிகளை. உயிரெழுத்துகளின் ஒலி தாழ்வானது, அது கேட்டுக்கொண்டே இருக்கும். ச, த, ப மாதிரி ஒலிகளையும் ஸ, ஷ போன்றவற்றையும் பிரித்துக் காட்டுவது உச்ச ஒலிதான். அது போனால் மெட்டு முழுசாக வரும், வார்த்தை குழைந்துபோகும். பின்னணி இசை அடர்த்தியாக இருந்தால் இன்னும் மோசம். போதாததற்கு அப்பா முப்பத்தைந்து வருஷம் குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நின்றவர். வாரத்துக்கு 40 மணி நேரம் என்றால் 80 டெசிபெல் வரைதான் காதுக்குப் பாதுகாப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழாய்க்கு முன்னால் ஓரடி தள்ளி நின்றால் நூறைத் தாண்டிவிடும். அவர் சொன்ன குறை பாட்டைப் பற்றியதே இல்லை. பழைய பாட்டில் வார்த்தை புரிந்ததற்குக் காரணம், அது அவருக்கு மனப்பாடம். இதெல்லாம் நான் இந்த வருஷம்தான் படித்துத் தெரிந்துகொண்டேன்.

2022 பிப்ரவரியில் அப்பா போனார். 79 வயது. மைக்செட் வைக்க வந்தவர் அப்பாவிடம் தொழில் கற்றவர். என்ன பாட்டு போடட்டும் என்று அவர் கேட்கவில்லை. சாவு வீட்டுக்கு என்ன போடுவது என்று அவருக்குத் தெரியும்.

வாட்ஸ்அப் கூத்து நடந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பஸ்ஸில் சொன்ன பொய் வேறு. எனக்கு எப்போதிலிருந்து இந்தப் புதுப்பாட்டுப் பழக்கம் என்று பார்க்கலாம் என்று யூடியூப்பில் என் பழைய தேடல்களைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போனேன். 2021-க்கு வந்ததும் நான் தேடாத தேடல்கள் வர ஆரம்பித்தன. 'புதுசா வந்த பாட்டு.' அடுத்த நாள் 'புதுசா வந்த பாட்டு.' 'புதுசா வந்த சினிமா பாட்டு தமிழ்.' ஒருநாள் இயந்திரம் தப்பாகக் கேட்டு, 'புதுசா வந்த பாட்டி' என்று போட்டிருந்தது. அதற்கு வந்த வீடியோவையும் அப்பா ஏழு நிமிஷம் பார்த்திருக்கிறார். நடுவில் 'முருங்கைக் கீரை மூட்டு வலி', 'கடலூர் புயல் எப்போ', 'ஹலோ ஹலோ'. திரும்பவும் 'புதுசா வந்த பாட்டு'. 2018 பொங்கலுக்கு அடுத்த வாரம் வரைக்கும் அது நீண்டது.

அந்த வருஷம்தான் எனக்கு யூடியூப் காரணமில்லாமல் புதுப்பாட்டு தர ஆரம்பித்தது. ஒரே கணக்கு, இரண்டு கைப்பேசி. திருப்பாப்புலியூரில் அவர் கேட்டது எனக்கு அரியாங்குப்பத்தில் வந்து விழுந்திருக்கிறது.

படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, மேலும் கீழும் தள்ளித் தள்ளி முழுசாகப் படித்தேன். 2021 ஆகஸ்டில் ஒருநாள் மட்டும் வேறு மாதிரி ஒன்று இருந்தது. இரவு 9.40-க்கு, 'காது மிஷின் என்ன விலை'. ஒரு வீடியோவைத் திறந்து பாதியில் மூடியிருக்கிறார். அதற்கு மேலே 9.43-க்கு, 'புதுசா வந்த பாட்டு'.